தண்ணீர் கேட்டார்

கல்யாணசுந்தரத்தை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியதிலிருந்து கனகவல்லி தன் கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தீப்பெட்டி அகலத் திரை. மிஞ்சிப்போனால் நாலைந்து வரி காட்டும். அந்த நாலைந்து வரியில்தான் அவள் கணவர் பிழைத்தாரா இல்லையா என்று வரப்போகிறது. என்ன வாசகம் வரும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். அந்த ஆஸ்பத்திரி, நோயாளிகளின் வீட்டாருக்கு அனுப்புகிற குறுஞ்செய்தி அத்தனையையும் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். தான் எழுதியதைத் தானே வாங்கிப் படிக்கக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிட்டது, போங்கள்.

அன்று காலைதான் நடந்தது. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்க்கிற மனிதர், ஆபீஸுக்குக் கிளம்பிச் செருப்பில் காலை நுழைத்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகு நாளாக வயிற்றெரிச்சல். டாக்டரிடம் போங்கோ என்றால் ‘மோர் குடிச்சா சரியாயிடும்’ என்று மோரைக் குடித்தே காலத்தை ஓட்டினவர். உள்ளே புண் முற்றி ஓட்டை விழுந்துவிட்டதாம். உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்றார் டாக்டர். “பிழைச்சுப்பாரா?” என்று கனகவல்லி மராத்தியில் நேராகவே கேட்டாள். “பார்க்கலாம்” என்றார் அவர். காலையில் போட்ட காபி விமான் நகர் வீட்டு மேஜையில் ஆறிக் கிடக்கிறது. அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர்கூட அவள் தொண்டையில் இறங்கவில்லை.

பக்கத்தில் பெண் சுப்ரஜா. புனேயிலேயே பிறந்து வளர்ந்து இன்ஜினியரிங் படிக்கிறவள். தமிழ் அவள் வாயில் பாதி இந்தியோடுதான் வரும்.

“அம்மா, டென்ஷன் மத் லோ. மெசேஜ் வரும் நா. உன் மெசேஜ்தானே, உனக்கே பரோசா இல்லையா?”

நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறாள் பெண். நல்ல கேள்விதான். குறுஞ்செய்தியை நம்புவதா வேண்டாமா என்பதில் கனகவல்லிக்கு இருபது வருஷத்துக் கோபம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து புனேக்கு வந்த புதிதில் அவர்களுக்கு ராஸ்தா பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். சுப்ரஜா அப்போது வயிற்றில். ஒரு மத்தியானம் தந்தி வந்தது. ‘அப்பா சீரியஸ். உடனே புறப்படவும்.’ நம் ஜனங்களின் வழக்கம்தான் தெரியுமே. ஆள் போய்விட்டால், போய்விட்டார் என்று தந்தியில் போட மாட்டார்கள். தூர தேசத்தில் இருக்கிற பெண் வழியிலேயே மனசு விட்டுவிடக் கூடாதாம், அதனால் ‘சீரியஸ்’ என்று பூசி மெழுகிவிடுவார்கள். தந்தியைப் பார்த்ததுமே கல்யாணசுந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. கீழ்வீட்டு மாமிக்குப் புரிந்தது. புரியாதவள் கனகவல்லி ஒருத்திதான். சீரியஸ் என்றால் சீரியஸ் என்றே நம்பினாள். அப்பாவுக்கு இருமல் தொந்தரவு ஆயிற்றே என்று லக்ஷ்மி ரோட்டுக்கு ஓடிப்போய்க் கம்பளி மப்ளர் ஒன்று வாங்கினாள். ரயில் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் வேண்டிக்கொண்டு போனாள். ஊரில் போய் இறங்கினால் எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள்.

“தெரிஞ்சிருந்தும் என்கிட்ட சொல்லாம, அத்தனை தூரம் எப்படி எதிர்ல உக்காந்துண்டு வந்தேள்?” என்று அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கும் தெரியும்னுதான் நெனைச்சேன், கனகா. எல்லாரும் அப்படித்தானே போடறா” என்றார் அவர். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அன்றிலிருந்து யாராவது பூசினாற்போலப் பேசினால் கனகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். எதுவானாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு.

அந்த சுபாவத்துக்கு ஏற்ற வேலையும் கிடைத்தது பாருங்கள். தொண்ணூற்றாறு வாக்கில் ஊரெல்லாம் பேஜர் மோகம். இடுப்பு பெல்ட்டில் சோப்பு டப்பா மாதிரி ஒன்றைச் செருகிக்கொண்டு திரிவார்கள். அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேஜர் கம்பெனிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கிற பெண் அதைக் கேட்டு இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புவாள். அது அந்தக் குட்டித் திரையில் போய் ஓடும். புனே கேம்ப் பக்கத்தில் இருந்த ஒரு பேஜர் கம்பெனியில் கனகவல்லி அப்படித் தட்டுகிற பெண்ணாகச் சேர்ந்தாள். இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றிலும் தட்டுத்தடுமாறாமல் காது கேட்கும் அவளுக்கு. தமிழில் போன் வந்தால் மொத்த ஹாலும் “கனகா, உன் ஆள்!” என்று அவள் பக்கம் தள்ளிவிடும்.

கம்பெனியில் ஒரு சட்டம் கறாராக உண்டு. கூப்பிடுகிறவர் சொன்னதைத்தான் தட்ட வேண்டும். தன் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. கனகவல்லியும் சேர்க்க மாட்டாள். ஆனால் கூப்பிட்டவர்களைச் சரியாகச் சொல்லவைக்காமல் விடவும் மாட்டாள்.

ஒரு தரம் திருச்சியிலிருந்து சரசா என்று ஒரு அம்மாள் கூப்பிட்டாள். தம்பி லக்ஷ்மிநாராயணன் புனேயில் பேங்க் ஆபீஸர், அவனுக்குச் செய்தி. “அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை, கவலைப்படாம உடனே கிளம்பி வரச் சொல்லுங்கோ” என்றாள்.

கனகவல்லிக்குச் சுருக்கென்றது. “ஏம்மா, ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு உடனே வரணும்? அம்மா இருக்காளா, இல்லையா? அதைச் சொல்லுங்கோ மொதல்ல.”

“ஐயையோ, என்ன வாய் இது! இருக்கா, இருக்கா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுண்டுட்டா.”

“அப்படின்னா கால் ஒடிஞ்சுடுத்துன்னே சொல்லுங்கோ. நீங்க கவலைப்படாதேன்னு போட்டா உங்க தம்பி அம்மா போயிட்டான்னுதான் எடுத்துப்பான். நம்ம ஆத்துல வேற எதுக்கு அப்படிப் போடறா? சரி, அம்மா இப்ப என்ன பண்ணிண்டிருக்கா?”

“என்ன பண்றா, கட்டுப் போட்ட டாக்டரைத் திட்டிண்டிருக்கா. மாவு ஈரமா இருக்காம்.”

“அதைச் சொல்லுங்கோ. நீங்க சொன்னாத்தான் நான் அடிக்க முடியும்.”

சரசா சிரித்துக்கொண்டே சொன்னாள், கனகவல்லி தட்டினாள். ‘அம்மா விழுந்தாள். கால் முறிவு. கட்டுப் போட்ட டாக்டரைத் திட்டுகிறாள். நிதானமாக வா.’ பத்து நாள் கழித்து லக்ஷ்மிநாராயணன் ஒரு டப்பா பேடாவோடு ஆபீஸைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். முதல் வரியைப் படித்ததும் கால் ஆடிப்போய்விட்டதாம். டாக்டரைத் திட்டுகிறாள் என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்ததாம். எங்கம்மா திட்டினா உசிரோட இருக்கான்னு அர்த்தம், மாமி, என்றார். பேடா ஹாலில் எல்லோருக்கும் போயிற்று. கனகவல்லிக்கு அன்றைக்கு நெஞ்சில் இருந்த பழைய மப்ளர் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது.

அப்புறம் அதையே பழக்கமாக வைத்துக்கொண்டாள். செத்தவர் என்றால் செத்தார் என்றே சொல்லவைப்பாள். பிழைத்தவர் என்றால், அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று ஒன்றைக் கேட்டு வாங்காமல் போனை வைக்க விட மாட்டாள். குழந்தை பிறந்ததா, அழுகிறதா தூங்குகிறதா? ஜுரம் விட்டதா, என்ன சாப்பிட்டான்? நல்லபடியாக இருக்கிறார் என்று மொட்டையாகச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அந்த மனுஷனுக்கே உரியதாக ஒன்றைச் சொன்னால் உடனே நம்புவார்கள். இது அவள் யாரிடமும் படித்துக்கொண்ட வித்தை இல்லை.

கைப்பேசி வந்தது, பேஜரை ஒரே முழுங்காக முழுங்கியது. கம்பெனியை இழுத்து மூடினார்கள். கனகவல்லி வீட்டோடு இருந்தாள். சும்மா இருக்கத் தெரியாத பிறவி, அடுக்குமாடி வளாகத்தில் தண்ணீர் லாரி நேரத்துக்கு வரவில்லை என்று செக்ரட்டரியோடு சண்டை போட்டுப் பொழுதைப் போக்கினாள். அப்போதுதான் ஸ்ரீவத்சன் வந்தான். யார் என்கிறீர்கள்? அந்தத் திருச்சி சரசாவின் பிள்ளை. இன்ஜினியரிங் முடித்து, புனேக்கு வந்து, சிநேகிதர்களோடு பாணேரில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து ஒரு குட்டிக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தான்.

“மாமி, பாட்டி டாக்டரைத் திட்டின மெசேஜ் எங்காத்துல ரொம்ப ஃபேமஸ். எங்களுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்” என்றான்.

வேலை இதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வராந்தா பூராவும் ஜனம். ஆபரேஷன் நடக்கிறவரின் சொந்தபந்தம் மொத்தமும் வந்து உட்கார்ந்துகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் நர்ஸின் உயிரை வாங்குகிறார்கள். அவரவர் கைப்பேசிக்கு அவரவர் ஆளைப் பற்றிய சேதி தானாகப் போய்ச் சேர்ந்தால் நர்ஸுகள் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். ஸ்ரீவத்சனின் ஆட்கள் அதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். நர்ஸ் கம்ப்யூட்டரில் ஒன்றை அமுக்கினால் வீட்டாரின் கைப்பேசிக்குச் செய்தி போய்விடும். ஆனால் முதல் வாரமே ஏழரையைக் கூட்டிவிட்டது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரின் வீட்டுக்கு, ‘பேஷண்ட் நிலைமை சீராக உள்ளது. கவலைப்பட வேண்டாம்’ என்று செய்தி போனது. அவ்வளவுதான், சாஸ்வட் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டெம்போ நிறையப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஆள் உள்ளே உட்கார்ந்து ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இதை எழுதின புத்திசாலி யாருடா?” என்று கேட்டாள் கனகவல்லி.

“நான்தான் மாமி” என்றான் ஸ்ரீவத்சன்.

“கவலைப்பட வேண்டாம்னு போட்டா கவலைப்படாம என்ன பண்ணுவா? நம்மூர்லதான் இப்படின்னு நெனைச்சேன், மராட்டிக்காராளும் இப்படித்தானா? நல்லதாப் போச்சு. மொதல்ல அந்த ‘பேஷண்ட்’டை எடு. ‘உங்கள் அப்பா’ன்னு போடு. பெண்டாட்டிக்குப் போனா ‘உங்கள் கணவர்’னு போடு.”

“எழுத்து நிறைய ஆகும் மாமி. நூத்தி அறுபது எழுத்துக்கு மேல போகாது. சின்னத் திரை வேற.”

“சின்னத் திரைன்னா மனுஷாளும் சின்னவாளா? ‘நிலைமை சீராக உள்ளது’ன்னு ஒரு அடி நீளத்துக்கு ஒண்ணுமே சொல்லாம வெச்சிருக்கியே, அதைத் தூக்கினா எடம் வந்துடும்.”

இப்படி அடித்துத் திருத்தி எழுதினாள். விமான் நகரிலிருந்து பாணேருக்கு பஸ் மாறி மாறிப் போய், இங்கிலீஷில் ஒன்று, இந்தியில் ஒன்று, மராத்தியில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தாள். உறவு முதல் வரியில். என்ன ஆயிற்று என்பது அடுத்த வரியில். இப்போது எங்கே இருக்கிறார், எப்போது பார்க்கலாம் என்பது மூன்றாவது. கடைசி வரி அவளுடைய பேஜர் வித்தை. ஆள் இப்போது என்ன செய்தார் என்று ஒன்று. அதை நர்ஸ் பார்த்துத் தட்ட வேண்டும் என்றாள். எந்த நர்ஸுக்கும் தட்ட நேரம் இருக்காது என்றான் ஸ்ரீவத்சன். ரெண்டு நாள் சண்டை போட்டு ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். நர்ஸ் தட்ட வேண்டாம், அமுக்கினால் போதும். ‘தண்ணீர் கேட்டார்’ என்று ஒரு பட்டன். ‘மணி என்ன என்று கேட்டார்’ என்று ஒன்று. ‘கண் திறந்து பார்த்தார்’ என்று ஒன்று.

சும்மா சொல்லக்கூடாது, ஜோராக வேலை செய்தது. தண்ணீர் கேட்டார் என்று படித்ததும் வராந்தாவில் இருக்கிறவர்கள் ‘அப்பாடா’ என்று சாய்ந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் மேஜையில் கூட்டம் குறைந்தது. இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரி வந்தது. கனகவல்லி வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமையடித்துக்கொண்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எல்லாரும் தண்ணிதான் கேப்பாளா?” என்றார். தணிக்கைக்காரர் புத்தி எங்கே போகும் என்று அவரை ஒரு பிடி பிடித்தாள்.

கொஞ்ச காலம் போய் ஒரு நாள், போன செய்திகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக ஸ்ரீவத்சன் எடுத்துக் காட்டினான். ஆபரேஷன் ஆன அத்தனை பேரும் தண்ணீர் கேட்டிருந்தார்கள். முதல் பட்டன் அதுதானே, நர்ஸுகள் எல்லோரும் வந்த வேகத்தில் அதையே அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறந்து ரெண்டு நாளான ஒரு குழந்தைகூட ஆபரேஷன் முடிந்து தண்ணீர் கேட்டிருந்தது. கனகவல்லிக்கும் ஸ்ரீவத்சனுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாற்றலாமா என்றான் அவன். ஜனங்களுக்கு நிம்மதியா இருக்கே, இருந்துட்டுப் போறது என்றாள் அவள்.

இப்போது அவள் கையில் கைப்பேசி அதிர்ந்தது.

கனகவல்லிக்குத் திரை கலங்கித் தெரிந்தது. சுப்ரஜாதான் பிடுங்கி, மராத்தியில் வந்திருந்ததை உரக்கப் படித்தாள். “உங்கள் கணவர் கல்யாணசுந்தரம். ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளியும் அறையில் இருக்கிறார். மாலையில் பார்க்கலாம். தண்ணீர் கேட்டார்.” படித்துவிட்டு எழுந்து குதித்தாள். “அம்மா! அப்பா டீக் ஹை! தண்ணி கேட்டாராம்!”

எதிர் நாற்காலியில் இருந்த மராட்டிக் கிழவி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். யாரோ முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். கனகவல்லிக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது.

“தண்ணியாவது கேக்கறதாவது!” என்றாள்.

“க்யா ஹுவா அம்மா?”

“அது பட்டன்டி. எல்லாருக்கும் அதான் வரும். ரெண்டு நாள் கொழந்தைக்கே வந்தது. உங்கப்பா தண்ணி கேட்டாரா, கண் திறந்தாரா, இருக்காரான்னு அதுல ஒண்ணும் இல்லை.”

மகா அபத்தம்தான். ஊரில் ஆயிரம் பேரை நம்பவைத்த வரி, எழுதினவளை நம்பவைக்கவில்லை. அவள் கண்ணெதிரில் ஒரு நர்ஸ் நடந்து போகிற போக்கில் சட்டென்று முதல் பட்டனை அமுக்குகிறாள், அந்தப் பக்கம் படுக்கையில் யார் எப்படிக் கிடக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடியும் ‘சீரியஸ்’ தந்தியைக் கையில் வாங்கினாற்போல இருந்தது. இந்தத் தடவை அனுப்பினவளும் அவளே.

தியேட்டர் வாசலில் நின்றிருந்த காவல்காரரிடம் போய், உள்ளே விடுங்கள், ஒரே ஒரு தரம் பார்க்கணும் என்றாள். மெசேஜ் வந்ததா என்று கேட்டார் அவர். வந்தது என்று காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு, தண்ணீரே கேட்டுவிட்டார், அப்புறம் என்னம்மா, போய் உட்காருங்கள் என்றார் மராத்தியில், நல்ல மனசோடுதான்.

“அதை எழுதினதே நான்தான்யா!” என்று கனகவல்லி தமிழிலேயே கத்தினாள். அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

ஸ்ரீவத்சனுக்குப் போன் போட்டாள். “டேய், அந்தப் பட்டனை யார் அமுக்கினா, பாத்துட்டு அமுக்கினாளா, பாக்காம அமுக்கினாளா, சொல்லு.”

“மாமி, மெசேஜ் கரெக்டா போயிருக்கு. எனக்கு இங்கேந்து அவ்ளோதான் தெரியும். மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க கவலைப்ப…”

“அந்த வார்த்தையை மட்டும் சொன்னே, கொன்னுடுவேன்” என்று போனை வைத்தாள்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த சுப்ரஜா அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்துவிட்டாள். கனகவல்லி அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். முரட்டு மனுஷர். இருபத்திரண்டு வருஷமாக அவரோடு தினமும் ஒரு சண்டை. ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து அருமையாக ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த மனிதர் இல்லாமல் விமான் நகர் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்குமோ என்று நினைத்தாள். பகவானே, ஒரே ஒரு வார்த்தை பேசட்டும், என்னைத் திட்டியாவது பேசட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

கதவு திறந்தது. பச்சை உடுப்போடு ஒரு நர்ஸ் வெளியே வந்து நின்றாள். மலையாளத்துப் பெண். “கல்யாணசுந்தரத்தோட ஆளு யாரு?”

கனகவல்லி எழுந்திருக்கப் பார்த்தாள். சுப்ரஜாதான் கையைத் தூக்கினாள். நர்ஸ் விடுவிடென்று கிட்டே வந்தாள். முகத்தில் எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

“அம்மா, உங்க சார் என்னை ஒரு வேலையும் செய்ய விடல. பிரஷர் பாக்கணும்னா கையை உள்ளே இழுத்துக்கறார்.”

“என்ன… என்ன பண்றார்?”

“சண்டை பிடிக்கறார். மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்ததும் என்கிட்ட என்னமோ கேட்டார். சரி சாரே, வீட்டுக்கு மெசேஜ் போட்டாச்சு, நீங்க தண்ணி கேட்டதா சொல்லியாச்சு, பேசாம படுங்கன்னு சொன்னேன். அதுக்குப் பிடிச்சுது வினை. நான் எங்கே தண்ணி கேட்டேன், கேக்காததை எப்படிப் போடலாம், அதை அடிச்சுட்டுச் சரியாப் போடு, அப்புறம்தான் பிரஷர் எல்லாம்னு கையைக் கட்டிக்கிட்டு படுத்திருக்கார்.”

கனகவல்லிக்கு முதலில் காதில் விழுந்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒவ்வொன்றாக ஏறியது. கையை இழுத்துக்கொள்கிறார். சண்டை பிடிக்கிறார். கேட்காததைப் போட்டதற்கு ஆட்சேபணை சொல்கிறார். ஆபரேஷன் மேஜையிலிருந்து இறங்கின வேகத்தில் ஆஸ்பத்திரிக் கணக்கையே தணிக்கை செய்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்தாற்போல இருந்தது. அப்பாடா, அப்பாடா என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது. சுப்ரஜா நர்ஸையே கட்டிக்கொண்டுவிட்டாள்.

“தண்ணி கேக்கலைன்னா பின்ன என்னதான் கேட்டார்?” என்றாள் கனகவல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“அதான் அம்மா சொல்ல வந்தேன். அவ சாப்பிட்டாளான்னு கேட்டார். மொதல்ல அதைத்தான் கேட்டார். எங்க கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணு கிடையாது. நான் என்ன செய்ய? தண்ணியை அமுக்கிட்டேன்.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதாகக் கனகவல்லிக்கு ஞாபகமே இல்லை. கேட்டிருப்பாரோ, இவள்தான் சண்டை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டாளோ, யார் கண்டது.

“சொல்லுங்க அம்மா. சாப்பிட்டாச்சா? நான் போய் பதில் சொல்லணும்.”

“இன்னும் இல்லைன்னு சொல்லு. இதோ சாப்பிடப் போறேன்னு சொல்லு.”

“அதையும் கம்ப்யூட்டர்ல போடணுமோ?”

“வேண்டாம்டி கொழந்தே. அவர் காதுகிட்ட போய் வாயால சொல்லு, போதும்.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். சுப்ரஜா அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் கீழே கேன்டீனுக்குப் போய் வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டார்கள். கனகவல்லி இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டாள்.